ஸ்டூலை இழுத்தது யார்?

பயம் வந்தால் பன்னீர்செல்வத்துக்கு வாய் ஓடும், கால் ஓடாது. அன்று காலை கனகம் மருத்துவமனை வாசலில் ஆதிலட்சுமி தன் சுவேகா மொபெட்டை நிறுத்தியபோதும் அப்படித்தான். அவன் கால்கள் வாசல் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வாய் மட்டும் அவளை நோக்கி ஓடி வந்தது.

“வாங்க மேடம். உள்ளே பேய் இருக்குது. டிபன் ஆச்சா?”

“பேய்க்கு ஆச்சா?”

“அதுக்கு விடியக்காலமே ஆயிடுச்சு. எட்டாம் கட்டில் வைத்திலிங்கம் ஐயா. இடுப்பு எலும்பு.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

ஆதிலட்சுமி ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். நிலக்கரிப் பொடி பறந்தது. பல வருடம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் விபத்து விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டு வடலூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். நிலையத்தின் மொத்த ஊழியர் பன்னீர் ஒருவன்தான். மானேஜரும் அவனே, பியூனும் அவனே.

“உங்க அப்பா?” என்றாள்.

“ஒன்பதாம் கட்டில். ஐயாவுக்கு அடுத்த கட்டில் மேடம். ராத்திரி நாந்தான் துணைக்கு இருந்தேன்.”

பன்னீரின் அப்பா கொளஞ்சிநாதன் திருவதிகைக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் அறுப்பின்போது கதிர் குத்தி ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலும் புரை. நேற்றுத்தான் புதுச்சேரியிலிருந்து வந்த கண் டாக்டர் அந்தப் புரையை அறுத்து எடுத்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார். போகும்போது பன்னீரைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “தையல் தலைமுடியை விட மெல்லிசு தம்பி. தலை ஒரு தடவை பலமா அதிர்ந்தா பிரிஞ்சுடும். பிரிஞ்சா அந்தக் கண்ணை நான் திருப்பித் தர முடியாது. ரெண்டு நாளைக்கு இந்த வார்டை விட்டு நகர்த்தவும் கூடாது.”

ஆகவே இதுதான் நிலைமை. கிழவர்களைத் தள்ளிவிடும் ஏதோ ஒன்று உலவுகிற வார்டில், விழவே கூடாத ஒரு மனிதர் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

வார்டு புதிது. பொங்கலுக்குத்தான் திறந்தார்கள். நீளமான கூடம், பளபளவென்று சிமெண்ட் தரை. வடக்குச் சுவரை ஒட்டி வரிசையாக மரக் கட்டில்கள். ஒவ்வொன்றும் ஆள் இடுப்புக்கு உயரம். ஆஸ்பத்திரிக் கட்டில் ஏன் அவ்வளவு உயரம் என்று யாரும் யோசிப்பதில்லை. படுப்பவர் வசதிக்காக அல்ல. ஊசி போடுகிறவர் குனியாமல் இருப்பதற்காக. படுப்பவருக்கு ஏறி இறங்க ஒரு வெள்ளை பெயிண்ட் அடித்த மர ஸ்டூல் உண்டு. கட்டிலுக்கு ஒரு ஸ்டூல். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள சந்துக்கு ஒரு ஸ்டூல் என்றும் சொல்லலாம்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் இப்போது கூட்டம். ஆஸ்பத்திரி மானேஜர் சக்கரபாணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் தனபாக்கியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வார்டு ஆயா செங்கமலம் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பழைய ஷெட்டுல இருந்தவரைக்கும் ஒருத்தர்கூட விழலைங்க,” என்றார் மானேஜர். “இங்க வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒண்ணு. கேட்டா எல்லாரும் ஒரே வார்த்தை, ‘ஸ்டூலை இழுத்துட்டாங்க’ன்னு. ஸ்டூல் பக்கம் போறது யாரு? தரை துடைக்கிற இவதானே? சாயங்காலத்துக்குள்ள வேற ஆளைக் காட்டுங்க. இல்லேன்னா போலீசுக்குச் சொல்லிடுவேன்.”

“அம்மா, நான் காண்ட்ராக்ட்டுல இருக்கறவம்மா,” என்று செங்கமலம் அழுதாள். “பர்மனெண்ட் பண்ணுவாங்கன்னு காத்துகினு இருக்கேன். பெரியவங்க காலை வாரிவுட்டா என் கை வெளங்குமா?”

ஆதிலட்சுமி சந்தில் நின்ற ஸ்டூலைப் பார்த்தாள். எட்டாம் கட்டிலிலிருந்து அது ஒரு முழத்துக்கும் மேல் தள்ளி நின்றது. அந்த இடைவெளியில்தான் வைத்திலிங்கம் விழுந்து கிடந்தாராம். பார்த்தாலே தெரிந்தது: யாரோ ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள், கிழவர் காலை வெறும் காற்றில் வைத்துவிட்டார்.

“சிஸ்டர், இந்த ஸ்டூலை யாராவது தொட்டீங்களா?”

“யாரும் தொடலை. தொடவே பயப்படறாங்க. தூக்கினது அவரை மட்டும்தான்.”

ஆதிலட்சுமி குந்தி உட்கார்ந்தாள். “செங்கமலம், நேத்து எப்போ துடைச்சீங்க?”

“சாயங்காலம்மா. பினாயில் போட்டு.”

“ஸ்டூலை நகர்த்திட்டுத் துடைப்பீங்களா?”

செங்கமலம் சிஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “...சுத்தித் துடைப்பேன்மா.”

“உங்க சோம்பேறித்தனம்தான் இன்னிக்கு உங்களைக் காப்பாத்துது. பன்னீர், ஸ்டூலை நேரா மேல தூக்கு.”

தூக்கினான். தரையில் நான்கு இடத்தில் பினாயில் தண்ணீர் காய்ந்து வெள்ளை வளையமாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு வளையத்துக்கு உள்ளேயும் ஸ்டூல் காலின் ரப்பர் அளவுக்குச் சுத்தமான வட்டம். வளையம் எங்கேயும் உடையவில்லை, இழுபடவில்லை.

“இழுத்திருந்தா இந்த வெள்ளைக் கோடு கலைஞ்சிருக்கும்,” என்றாள் ஆதிலட்சுமி. அவள் குரலில், கழற்றிய கடிகாரத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்களின் மகிழ்ச்சி இருந்தது. “நேத்து சாயங்காலத்திலிருந்து இந்த ஸ்டூல் ஒரு நூல்கூட நகரலை.”

“அப்போ கட்டில் நகர்ந்துச்சா மேடம்?”

“கட்டில் காலையும் பாரு.”

பார்த்தான். அங்கேயும் வளையங்கள் முழுதாக இருந்தன.

“ஸ்டூலும் நகரலை, கட்டிலும் நகரலை,” என்றான். “ஆனா நடுவுல ஒரு ஆள் விழுந்திருக்காரு. மேடம், நான் முதல்ல சொன்னதையே எழுதிக்குங்க. பேய்.”

வைத்திலிங்கம் பக்கத்து அறையில் காலுக்கு மணல் மூட்டை கட்டிப் படுத்திருந்தார். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வலியிலும் பேச்சு நட்டு முடுக்கியது போல இறுக்கமாக வந்தது.

“நான் பொய் சொல்ல மாட்டேன்மா. காலை வெச்சேன், ஸ்டூல் இல்ல. தெனமும் இருக்கற எடத்துல இல்ல.”

“எந்தப் பக்கமா இறங்கினீங்க?”

“வலப்பக்கந்தான். விடிஞ்சும் விடியாம இடப்பக்கமா எழுந்திருப்பானா மனுசன்?”

“நிச்சயமா வலப்பக்கம்?”

“நான் பால் குடிக்கறப்பவே எங்கம்மா கத்துக் குடுத்ததும்மா அது.”

ஆதிலட்சுமி வெளியே வந்தாள். நேராக எட்டாம் கட்டிலுக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். சிஸ்டர் தனபாக்கியம் “ஐயையோ” என்பதற்குள் கட்டிலில் ஏறி, தலையணையில் தலை வைத்து நீட்டிப் படுத்துவிட்டாள்.

“மேடம், களைப்பா இருந்தா கேண்டீன்ல பெஞ்சு இருக்குது.”

“வாயை மூடு. நான் வைத்திலிங்கம். தூங்கி எழுந்திருக்கேன். வலப்பக்கமா இறங்கறேன்.”

வலப்பக்கம் திரும்பிக் காலைத் தொங்கவிட்டாள். ஸ்டூல் சரியாகக் காலுக்கு வந்தது. ஆனால் அவள் இறங்கியது ஏழாம் கட்டில் பக்கத்துச் சந்தில்.

பன்னீர் அவளைப் பார்த்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம், கிழவர் விழுந்த சந்தைப் பார்த்தான்.

“அவரோட ஸ்டூல் இதுதான்,” என்றாள் ஆதிலட்சுமி மெதுவாக. “ராத்திரி யாரோ இழுத்த ஸ்டூல்னு நாம பார்த்துக்கிட்டிருந்தது ஒன்பதாம் கட்டில் ஸ்டூல். உங்க அப்பாவோடது. அது அவர் கட்டிலை ஒட்டி, இருக்க வேண்டிய இடத்துலயே இருக்கு. சந்துக்கு ஒரு ஸ்டூல் இருக்கறதால யாரும் இதைக் கவனிக்கலை. விழுந்தவர் பக்கத்துல ஒரு ஸ்டூல் எட்டாத தூரத்துல நின்னா, இழுத்துட்டாங்கன்னுதானே தோணும்?”

“அப்போ பெரியவர் இடப்பக்கமா இறங்கிட்டாரு. தூக்கக் கலக்கம். கேஸ் முடிஞ்சுது. அப்பாடா.”

“வலப்பக்கம்னு சத்தியம் பண்றாரே.”

“அப்போ பொய்.”

“பன்னீர், சுரங்கத்துல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். மிஷின் பொய் சொல்லாது. அடிபட்ட மனுஷனும் அநேகமாப் பொய் சொல்ல மாட்டான். ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப் போகலேன்னா, நாம கேட்ட கேள்வியில ஏதோ தப்பு.”

வலப்பக்கம் இறங்கிய மனிதர் இடப்பக்கம் கிடக்கிறார். பன்னீருக்குத் தலை சுற்றியது. ஸ்டூலை இழுக்கிற பேய் என்றால்கூடப் பரவாயில்லை, ஸ்டூலைக் கட்டிப்போட்டு வைக்கலாம். வலதை இடதாக்குகிற பேயை எதில் கட்டுவது? ஒன்பதாம் கட்டிலில் அப்பா கண்கட்டோடு, வாயை லேசாகத் திறந்து, குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆதிலட்சுமி இதற்குள் எட்டாம் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், குனிந்து விரிப்பை முகர்ந்துகொண்டிருந்தாள்.

“மேடம், ஆஸ்பத்திரி விரிப்பு மேடம் அது. முகருகிற பொருள் இல்ல.”

“இங்க வா. இது என்ன?”

கால் நீட்டும் இடத்தில், விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு எண்ணெய்க் கறை. பன்னீரும் முகர்ந்தான். “விளக்கெண்ணெய்.”

“பெரியவர் எதுக்கு எண்ணெய் வெப்பாரு?”

“தலைக்குத்தான். சூடு தணியும்னு எங்கப்பாகூட வெப்பாரு.”

“அப்போ கால்மாட்டுல எப்படிக் கறை?”

“ஒருவேளை காலுக்கும் வெப்பாரோ என்னவோ. காலும் சூடாவுமில்ல?”

ஆதிலட்சுமி அவனை முறைத்தாள். ஆனால் நினைப்பு எங்கோ போய்விட்டது. “பழைய ஷெட்டைப் பார்க்கணும். செங்கமலத்தைக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துட்டு வா. ஸ்டூல் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.”

ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து பன்னீர் ஊட்டினான். கொளஞ்சிநாதன் மெல்லும்போது கன்னம் அசைந்து கட்டு அசைந்துவிடுமோ என்று அவனுக்கு ஒவ்வொரு வாய்க்கும் பயம்.

“டே பன்னீரு, ஏண்டா கை நடுங்குது?”

“ரசம் காரம்பா.”

“சாப்புடறது நானு. நடுங்கறது நீயா? அந்த வைத்திலிங்கம் விழுந்தான்னு கேள்விப்பட்டேன். ஸ்டூலு இருக்குதா பாரு.”

“இருக்குதுப்பா. தொட்டுப் பார்த்தேன். தோ, வலக்கைப் பக்கம். ஆனா நீ தனியா எறங்கக் கூடாது. கூப்புடு.”

“ஒண்ணுக்குப் போறதுக்கெல்லாம் ஊரைக் கூட்டணுமாடா?”

சாப்பாட்டுக்குப் பின் சிஸ்டர் தனபாக்கியம் ஒரு சுற்று வந்து, விரிப்புகளை இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் போனார். அவர் தலை மறையும் வரை காத்திருந்துவிட்டு, பத்தாம் கட்டில்காரர் ஒரு கை கொடுக்க, பன்னீர் அப்பாவைத் தலை அசையாமல் தாங்கி, அவர் வழக்கமாகத் தூங்குகிற மாதிரி படுக்க வைத்தான். தலையணையைச் சரிசெய்தான். கிழவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு பன்னீர் வெளியே வந்தான்.

பழைய ஷெட் இப்போது சாமான் அறை. உள்ளே கட்டில்கள் இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் நின்ற கட்டில் கால்கள் செங்கல் தரையில் குழி போட்டிருந்தன. ஆதிலட்சுமி குழிக்குக் குழி நடந்து, கற்பனையாக ஒவ்வொரு கட்டிலையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதே கட்டில். அதே ஸ்டூல். அதே சிஸ்டர், அதே ஆயா. அதே வயசுப் பெரியவங்க. இங்க ஒருத்தரும் விழலை, அங்க விழறாங்க. அப்படின்னா மாறினது என்ன?”

“சுவரு,” என்றான் பன்னீர். “இது ஓட்டைச் சுவரு. அது புதுச்சுவரு. பேய்ங்க ஓட்டை வழியா வெளியே போவ வழியில்லாம...”

“செங்கமலம், இங்க தலைமாடு எந்தப் பக்கம்?”

“கெழக்காலம்மா. காலையில வெயிலு தலைமேல வுழும்.”

ஆதிலட்சுமி வாசலுக்கு வந்து சூரியனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு புது வார்டைப் பார்த்தாள். புது வார்டு ரோட்டுக்கு ஏற்றபடி குறுக்கே திரும்பி நின்றது. அவள் உதடுகள் எதையோ கணக்குப் போட்டன.

“இன்னொண்ணு. விழறது எந்த நேரத்துல?”

செங்கமலம் யோசித்தாள். “பொழுது விடியறப்போம்மா. இல்லேன்னா மத்தியானத் தூக்கத்துல. மைன்ஸ்ல சங்கு ஊதறப்போ. சத்தம் கேட்டதும் பெரியவங்கல்லாம் திடுக்குனு எழுந்துக்குவாங்க. ஷிஃப்ட்டுக்குப் போன ஒடம்புங்க இல்ல? அப்பத்தான் தொபுக்குனு சத்தம் வரும். தோ, ரெண்டாவது ஷிஃப்ட் சங்கு இப்போ ஊதப்போவுது.”

ஆதிலட்சுமி சட்டென்று திரும்பினாள்.

“பன்னீர், உங்க அப்பா தூங்கறப்போ தலை எந்தப் பக்கம் இருக்கும்?”

“என்னா கேள்வி மேடம் இது? தெக்காலதான். கட்டில் தலைமாடு வடக்கால இருக்குது. வடக்கால தலை வெச்சுத் தூங்குவாங்களா? வடக்கால தலை வெச்ச யானைக்கு என்னா ஆச்சு, அந்தத் தலைதானே புள்ளையாருக்குப் போச்சு? சிஸ்டர் அந்தாண்ட போனதும் நாந்தான் திருப்பிப் படுக்க வெச்சுட்டு...”

அவன் நிறுத்தினான். ஆதிலட்சுமியின் முகம் வெளுத்திருந்தது.

“அவருக்கு இப்போ வலப்பக்கம் எது?” என்றாள்.

பன்னீர் தன் வலக்கையைப் பார்த்தான். மனதுக்குள் அப்பாவைத் திருப்பினான். கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. ஸ்டூல் இருந்த இடத்திலேயே இருந்தது.

சுரங்கத்துச் சங்கு ஊத ஆரம்பித்தது.

பன்னீர்செல்வத்தின் வாழ்க்கையில் முதல் தடவையாக, பயத்தில் வாய் நின்றுபோய்க் கால் ஓடியது. சங்கு அடிவயிற்றிலிருந்து எழுந்து வானம் முழுக்க நிறைந்தது. அவன் காதில் அது ஒரே ஒரு சொல்லாகக் கேட்டது, விழுது, விழுது என்று. சாமான் அறை, குழாயடி, வராந்தா. எதிரே மருந்துத் தட்டோடு வந்த யாரையோ இடித்தான். தட்டு உருண்டது. வார்டு வாசலுக்கு வந்தபோது வரிசையாகக் கிழவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் கட்டிலில் கொளஞ்சிநாதன் உட்கார்ந்துவிட்டார். வலப்பக்கம் திரும்பிவிட்டார். கண்கட்டுக்குக் கீழே முகம் அமைதியாக இருந்தது. இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, வலது காலைக் கீழே இறக்கினார். கால் காற்றில் துழாவியது. அங்கே ஸ்டூல் இல்லை. பத்தாம் கட்டிலின் ஸ்டூல் ஒரு முழத்துக்கு அப்பால் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. கால் இன்னும் கொஞ்சம் கீழே போனது. கை மெத்தையை விட்டது.

கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுவார். ஸ்டூலைத் தூக்கி வைக்க நேரமில்லை. பன்னீர் சிமெண்ட் தரையில் முழங்காலால் சறுக்கிக்கொண்டே போய், சந்துக்குள் நுழைந்து, நான்கு காலில் குனிந்தான்.

அப்பாவின் பாதம் அவன் முதுகில் வந்து பதிந்தது. பிறகு அடுத்த பாதம்.

சங்கு ஓய்ந்தது.

“இதோ இருக்குதே ஸ்டூலு,” என்றார் கொளஞ்சிநாதன். “சும்மா கதை கட்டுறானுங்க.” பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். “டே, யாருடா அங்க? ஸ்டூலு ஏண்டா மூச்சு வாங்குது?”

பின்னால் ஓடி வந்த ஆதிலட்சுமியும் தனபாக்கியமும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை மெல்லப் படுக்க வைத்தார்கள். பன்னீர் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“யாரு? யாரு இழுத்தது? பிடிச்சுட்டீங்களா?” என்று மூச்சிரைக்க வந்தார் சக்கரபாணி.

“யாரும் இழுக்கலை. இந்தச் சங்கு நேரத்துல வார்டைப் பாருங்க சார்,” என்றாள் ஆதிலட்சுமி. “தலையணை எல்லாம் எந்தப் பக்கம் இருக்கு?”

மானேஜர் பார்த்தார். வரிசை முழுக்கத் தலையணைகள் கால்மாட்டில் இருந்தன. இரண்டு கிழவர்கள் அவசரமாகத் தலையணையை வடக்கே இழுக்கப் பார்த்து, எல்லோரும் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“புது வார்டுல தலைமாடு வடக்கே. பகல்ல சிஸ்டருக்குப் பயந்து எல்லாரும் வடக்கே தலை வெச்சுப் படுக்கறாங்க. அப்போ வலப்பக்கம் ஸ்டூல். பகல் முழுக்க ஏறி இறங்கிக் காலுக்கு அது பாடமாயிடுது. தூங்கப் போறப்போ எல்லாரும் கட்டில்லயே தலைகீழாத் திரும்பிப் படுத்துடறாங்க. சங்கு ஊதினதும் தூக்கக் கலக்கத்துல எழுந்து, பழக்கப்படி வலப்பக்கம் காலை வெக்கறாங்க. புத்திக்குக் கிழக்கு மேற்கு தெரியும் சார். காலுக்கு வலது இடது மட்டும்தான் தெரியும். வைத்திலிங்கம் ஐயா சொன்னது சத்தியம். அவர் வலப்பக்கம்தான் இறங்கினார். ஸ்டூலும் நகரலை. நகர்ந்தது அவர் தலை.”

“ஆனா அவர் விழுந்தப்போ தலையணை வடக்கேதானே இருந்துச்சு?” என்றார் தனபாக்கியம். “நான் வந்து பார்த்தேனே.”

தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. “நாந்தான் சிஸ்டர் எடுத்து வெச்சேன். நீங்க வந்தா திட்டுவீங்களேன்னு.” பன்னீர் மூக்கை உறிஞ்சினான். “விடியக்காலம் அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பண்ணேன்.”

“துப்பறியும் நிலையத்து ஊழியர்,” என்றாள் ஆதிலட்சுமி. “தடயத்தைத் தானே அழிச்சுட்டு, காலையிலிருந்து என்கூடச் சேர்ந்து தேடியிருக்கான். எண்ணெய்க் கறை மட்டும் இவன் கைக்குத் தப்பிச்சுது.”

“இத்தனை பேர் விழுந்தாங்களே, ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொல்லலையே!” என்று மானேஜர் கத்தினார்.

“ரகசியம்னா யாராவது சொல்லியிருப்பாங்க சார். இது சொல்லணும்னே யாருக்கும் தோணாத விஷயம். நீங்க உங்க வீட்டுல எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பீங்க?”

சக்கரபாணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் சர்ச்சுக்குப் போறவ,” என்றார் தனபாக்கியம் தரையைப் பார்த்தபடி. “ஆனா புது குவார்ட்டர்ஸ் வந்த அன்னிக்கே கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டேன். எங்கம்மா சொல்லுவாங்க...” அவர் முடிக்கவில்லை. வரிசை முழுக்கக் கிழவர்கள் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். செங்கமலம் அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் போலீஸ் வரவில்லை, தச்சர் வந்தார். கட்டில்கள் எல்லாம் சுற்றித் திருப்பப்பட்டன; தலைமாடு தெற்கே, சீட்டு மாட்டும் கம்பியும் தெற்கே. ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு பக்கமும் ஸ்டூல். கண்கட்டு போட்டவர்களின் கட்டில் கால்களை ஒரு முழம் அறுத்துக் குட்டையாக்கச் சொன்னாள் ஆதிலட்சுமி. “குனிய இடுப்பு வலிக்குமே,” என்றார் தனபாக்கியம். “உடைஞ்ச இடுப்பை விடக் கம்மியாத்தான் வலிக்கும் சிஸ்டர்,” என்றாள் அவள். சிஸ்டர் தானே ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் பன்னீரின் பயம் தீரவில்லை. விழவில்லைதான். ஆனால் அவசரமாக உட்கார்ந்தாரே, காலை இறக்கினாரே, அதிர்ந்திருக்குமோ? தலைமுடியை விட மெல்லிய தையல். அன்றிரவும் மறுநாளும் அவன் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை. சங்கு ஊதும்போதெல்லாம் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கட்டு பிரிக்கிற காலையில் டாக்டர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பஞ்சை நனைத்து நனைத்து எடுத்தார். டார்ச்சை வைத்துக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பன்னீர் ஆதிலட்சுமியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவனுக்கே தெரியாது. அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

“தையல் இருக்கு,” என்றார் டாக்டர். “பெரியவரே, மெதுவாக் கண்ணைத் திறங்க. கண்ணாடி போடாம எல்லாம் மங்கலாத்தான் இருக்கும். எதிரே ஏதாவது தெரியுதா?”

கொளஞ்சிநாதன் இமையைச் சிமிட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. கட்டிலோரம் வெள்ளைச் சட்டையில் குனிந்து நின்ற பன்னீரை நோக்கி முகம் மெல்லத் திரும்பியது.

“தெரியுது,” என்றார். “வெள்ளையா ஒண்ணு தெரியுது. குட்டையா, அகலமா. ஸ்டூலுங்களா அது?”

“அப்பா, நாந்தாம்பா.”

கிழவர் கையை நீட்டி, துழாவாமல், நேராக அவன் தோளைத் தொட்டார்.

“தெரியும்டா,” என்றார். “அதான் ஸ்டூலுன்னு சொன்னேன்.”